மூன்று அடிச்சுற்று

எனக்கு இடுப்புவலி உண்டு. மெத்தை வைத்த நாற்காலி ஆகாது. கட்டை நாற்காலியாகப் பார்த்துப் போட்டீர்கள், அதற்கு முதலில் நன்றி. தேநீரும் நன்றாக இருந்தது. வாயால் சொன்னால் ஒன்று கிடக்க ஒன்று சொல்லிவிடுவேன் என்றுதான் தாளும் பேனாவும் கேட்டேன்.

எல்லாவற்றையும் எழுதச் சொன்னீர்கள். அப்படியானால் பேலட்டில் அடுக்கிய மருந்துப் பெட்டிகளை ஃபிலிம் சுற்றி நிறுத்துவதா, பட்டை போட்டு இறுக்குவதா என்ற இடத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். கொலையை விசாரிக்க வந்தவருக்கு இது சம்பந்தமில்லாத பேச்சாகத் தெரியலாம். எனக்கு இதில்தான் எல்லாம் இருக்கிறது. என் கருவிப்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்த மஞ்சள் அட்டை, அதற்கும் கடைசியில் வருகிறேன். அது அவ்வளவு முக்கியமல்ல.

பேலட் என்பது மரச்சட்டங்களை அடித்துச் செய்த தட்டு. அதன்மேல் ஆளுயரத்துக்குப் பெட்டிகளை அடுக்குவோம். அடுக்கியது சரியாமலிருக்க இரண்டு வழி. ஒன்று, இழுத்தால் நீளுகிற பிளாஸ்டிக் ஃபிலிமைச் சுற்றிச் சுற்றி வருவது. தூசி போகாது, ஈரம் போகாது, நடுவில் யாராவது பெட்டியைத் திறந்தால் கிழிசல் காட்டிக்கொடுத்துவிடும். மாத்திரைப் பெட்டிகளுக்கு அதுவே போதும். இன்னொன்று, பட்டை. இரண்டு விரல் அகலத்தில் கெட்டியான நாடா. பேலட்டுக்கு அடியில் நுழைத்து, பெட்டிகளின் தலைக்கு மேல் கொண்டுவந்து, கருவியால் முறுக்கிப் பூட்டுவது. குளுக்கோஸ் கண்ணாடிப் புட்டிகள் மாதிரிக் கனமான சரக்குக்குப் பட்டைதான் சரி. நான் எப்போதும் பட்டைக் கட்சி. இருபத்திரண்டு வருடம் அனுப்பும் பிரிவில் நின்றவன் சொல்கிறேன்.

ஃபிலிமில் ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் பேலட்டின் மரத்தையும் சேர்த்துப் பிடித்து அடியில் மூன்று சுற்று சுற்ற வேண்டும். பிறகுதான் பெட்டிகள் மேல் ஏற வேண்டும். அந்த மூன்று அடிச்சுற்று இல்லாவிட்டால் பெட்டிகள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஆனால் பேலட்டுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. புதிதாக வருகிற எல்லோருக்கும் இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன். சுற்றி முடித்ததும், சுற்றியவர் கையெழுத்திட்ட மஞ்சள் அட்டையைக் கடைசி மடிப்புக்குள் செருகுவோம். அட்டை தெரிந்தால் வேலை முடிந்தது, எடுத்துப் போகலாம் என்று அர்த்தம்.

இனி இறந்துபோனவரைப் பற்றி. எங்கள் கிடங்கு மேலாளர். அவர் சட்டையில் ஒருநாளும் ஒரு கசங்கலைப் பார்த்ததில்லை என்பதால் நாங்கள் அவருக்கு இஸ்திரி என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும். மனிதரைப் போலவே பெட்டிகளும் கசங்காமல் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு மருத்துவமனையிலிருந்து இரண்டு லோடு திரும்பி வந்தது. பட்டை அழுத்தியதில் பெட்டிகளின் மூலைகள் நசுங்கியிருந்தன. அதில் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு எல்லோர் முன்னாலும் என்னிடம் வந்தார்.

"இந்த மூலையைப் பாருங்க. உடம்பு சரியில்லாதவங்களுக்குப் போற மருந்து. இப்படி நசுங்கின பெட்டியை யாரு நம்பி வாங்குவாங்க?"

"மூலைக்கு அட்டைக்கோணம் வெச்சுப் பட்டை போட்டா நசுங்காது சார்."

"வெக்க மறந்தா? இனிமே பட்டையே வேணாம். ஃபிலிமே போதும். ஒழுங்கா சுத்தினா ஃபிலிம் எதையும் தாங்கும்னு நீங்கதானே எல்லாருக்கும் பாடம் எடுக்கறீங்க?"

யாரோ சிரித்தார்கள். என் பட்டைக் கருவியை வாங்கிக்கொண்டு போய்த் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பதினோரு வருடம் என் கையில் இருந்த கருவி. கைப்பிடியில் என் உள்ளங்கைத் தடம் பதிந்திருந்தது. அன்றே அந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று, மறைக்கவில்லை. ஆனால் பிடிக்காமல் போவது வேறு, நான் பிறகு செய்தது வேறு. அந்த வித்தியாசம் தெரிந்தவன்தான் நான்.

என் தங்கையின் கணவனும் அங்கேதான் வேலை பார்த்தான். நான்தான் சேர்த்துவிட்டேன். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். பேட்டரி வண்டியில் பேலட்டுகளைத் தூக்கிச் சரிவுப்பாதை வழியாகக் கீழே லாரிக்குக் கொண்டுபோவது அவன் வேலை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான், லோடு பின்னால் வரும். சரிவில் லோடுக்கு முன்னால் போகக் கூடாது என்று சுவரில் எழுதித்தான் இருக்கிறது. அதைப் பார்த்தபடியே எல்லோரும் முன்னால்தான் போவார்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு லோடையும் தோளால் முட்டிப் பார்ப்பான், அட்டையில் என் கையெழுத்து இருந்தால் மட்டும் முட்ட மாட்டான்.

"மச்சான் கார்டு இருந்தா நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்வான். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பட்டையை நிறுத்திய பதினெட்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது நடந்தது. குளுக்கோஸ் லோடு. சரிவில் பாதி இறங்கியபோது பெட்டிகள் மொத்தமாக வழுக்கி அவன்மேல் வந்தன. அந்த நேரத்தில் நான் மாடியில் இஸ்திரியின் அறையில், கனமான சரக்குக்காவது பட்டையைத் திருப்பிக் கொடுங்கள் என்று வாதாடிவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவன் செத்த அந்த நிமிடத்தில்கூட நான் அவனுக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடியவர்களில் நான்தான் முதல் ஆள். ஆட்களைக் கூப்பிட்டேன். வந்தார்கள், தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான்.

விசாரணை வைத்தார்கள். சுற்றியவர் யார் என்று கேட்டார்கள். அட்டை கிடைக்கவில்லை. அங்கே நான்கு பேர் சுற்றுவோம், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் இஸ்திரி கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. 'சரிவில் லோடுக்கு முன்னால் சென்ற ஊழியரின் கவனக்குறைவு' என்று ஒரே வரி. ஆளையும் கொன்றுவிட்டு, செத்தவன் தலையிலேயே பழியையும் போட்டார்கள்.

என் தங்கை அந்தத் தாளைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். நான் போகும்போதெல்லாம் எடுத்து நீட்டுவாள்.

"அண்ணா, அவரா கவனமில்லாதவரு? கேஸ் சிலிண்டரை மூடினோமான்னு ரெண்டு தடவை எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்துதான் படுப்பாரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுக்கச் சொல்லு. நாளைக்கு இவ வளந்து படிச்சா, அப்பா அஜாக்கிரதையால செத்தாருன்னு நெனப்பா."

இவள் என்றது அவள் மகளை. குழந்தை தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. எடுக்க வைக்கிறேன் என்று தங்கையின் தலையில் கை வைத்துச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைத் தவிர அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஒரு மாதத்தில் பட்டை திரும்பி வந்தது. கனமான சரக்குக்கு ஃபிலிமும் பட்டையும் இரண்டும் கட்டாயம் என்று உத்தரவு. இஸ்திரி தானே அலமாரியைத் திறந்து கருவியை என் கையில் கொடுத்தார். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்றார். செத்த பிறகு வந்த புத்தி. அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

அதோடு ஒரு புதுப் பழக்கமும் ஆரம்பித்தார். திங்கட்கிழமை தோறும் காலையில் ஒரு லோடைப் பிரித்துச் சோதிப்பது. தொழிலாளர்களை எல்லாம் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிறுத்திவிடுவார். "முதல் வெட்டு என்னுது. ஏதாவது ஆச்சுன்னா எனக்கு ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுச் சின்ன வெட்டுக்கத்தியோடு அவரே லோடுக்கு எதிரில் நிற்பார். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். எனக்கு அது முதலைக் கண்ணீராகத்தான் தெரிந்தது. எந்த லோடைப் பிரிப்பது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுவார். "நீங்களே காட்டுங்க. உங்க கண்ணுக்குத் தப்பாது."

ஒரு வருடம் அப்படி ஐம்பது திங்கட்கிழமைகள் போயின. ஐம்பது தடவையும் நான் ஒழுங்கான லோடைத்தான் காட்டினேன். வெறிபிடித்தவனாக இருந்திருந்தால் இரண்டாவது வாரமே முடித்திருப்பேன். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னை முடிவெடுக்க வைத்தவர் அவரேதான். போன மாதம் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அந்தப் பழைய விபத்தின் புகைப்படங்களைப் பரப்பி வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். கட்டை நாற்காலியையே இழுத்துப் போட்டார், அவருக்கும் என் இடுப்பைப் பற்றித் தெரியும்.

"இதை நல்லா பாருங்க. ஃபிலிம் எங்கயும் அறுபடவே இல்ல. பெட்டியெல்லாம் ஒண்ணா அப்படியே வழுக்கியிருக்கு. அடிச்சுத்து இல்ல. இது உங்க மச்சான் தப்பே இல்லைங்க. நான் எழுதினதுதான் தப்பு. ஒரு வருஷமா எனக்குத் தூக்கமே சரியா வரல."

நான் படங்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"சுத்தினது யாருன்னு தெரிஞ்சா அந்த அறிக்கையை மாத்தி எழுதிடலாம். மறுபடியும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேக்கப்போறேன். அன்னைக்கு யாரு எங்க இருந்தாங்கன்னு பழைய பதிவெல்லாம் எடுக்கச் சொல்லியிருக்கேன். உங்க தங்கச்சிக்காகவாவது செய்யணும்."

நீங்களே சொல்லுங்கள், இதைக் கேட்டால் யாருக்குத்தான் இரத்தம் கொதிக்காது? ஒரு வருடம் என் தங்கையை அழவைத்துவிட்டு, இப்போது தன் மனம் உறுத்துகிறது என்பதற்காக, யாரோ ஒரு பாவப்பட்ட தொழிலாளியின் தலையில் பழியைத் தூக்கி வைக்கக் கிளம்பிவிட்டார். பட்டையை நிறுத்தியது யார்? அவர். ஃபிலிமே போதும் என்றது யார்? அவர். அதையெல்லாம் கை கழுவிவிட்டு, அடியில் யார் சுற்றவில்லை என்று தேடுகிறாராம். இந்த மனிதரை இனி விட்டுவைக்கக் கூடாது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன். எழுந்து வரும்போது, "நல்ல காரியம் சார், என்னால ஆன உதவியைச் செய்யறேன்" என்றேன்.

அவர் ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்க வைத்திருந்த நாள் செவ்வாய். நான் திங்களைத் தேர்ந்தெடுத்தேன்.

சனிக்கிழமை பகலில், எல்லோரும் பார்க்கவே அந்த லோடைக் கட்டினேன். குளுக்கோஸ்தான். வேறு சரக்கு எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. பின்வரிசையில் காலிப் பெட்டிகள், முன்வரிசை முழுக்கக் கனம். பின்பக்கம் அடியில் ஒரு மரத்துண்டு. ஃபிலிமை ஒரே மடிப்பாகப் பெயருக்குப் போர்த்தினேன். அந்த அடுக்கை நிமிர்த்திப் பிடித்திருந்தவை முன்பக்கம் இறங்கிய இரண்டு பட்டைகள் மட்டுமே. மூலைக்கெல்லாம் அட்டைக்கோணம் வைத்தேன். ஒரு பெட்டிகூட நசுங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் கட்டியதிலேயே பார்வைக்கு அழகான லோடு அதுதான் என்று சொல்வேன்.

திங்கட்கிழமை காலை அவர் வந்தார். சட்டையில் அதே மடிப்பு. ஆட்களைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

கிட்டே போய்ப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "அழகா போட்டிருக்கீங்க" என்றார். "உங்ககிட்ட இருந்து இதைப் பிடுங்கி வெச்சேன் பாருங்க."

முதல் பட்டையை வெட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை வெட்டினார்.

மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். நானும் போனேன். போகாமலிருந்தால் நன்றாக இருந்திருக்காது. அவர் மனைவி வராந்தாவில் கையில் ஒரு மாற்றுச் சட்டையோடு நின்றிருந்தார். இஸ்திரி போட்டது. "உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவாரு" என்றார். நான்காம் நாள் எல்லாம் முடிந்தது. மனதுக்கு நிறைவாக இருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆக, கொன்றவன் நான். திட்டமிட்டுத்தான் கொன்றேன். என் மச்சானுக்காகவும், என் தங்கைக்காகவும். இதில் எனக்கு மாற்றுப் பேச்சு இல்லை.

இனி அந்த அட்டை. நீங்கள் அதையே தள்ளித் தள்ளி என் பக்கம் வைப்பதால் எழுதுகிறேன்.

அதில் இருப்பது என் கையெழுத்துதான். அந்த லோடைச் சுற்றியது நான்தான். இடுப்புவலிக்காரன் என்பதால் எனக்கென்று ஒரு முறை உண்டு. அடிச்சுற்றை முதலில் செய்தால் குனிந்தபடியே பின்னால் நடக்க வேண்டும், பிறகு நிமிரவே முடியாது. அதனால் மேலே எல்லாம் முடித்து, அட்டையையும் செருகிவிட்டு, கடைசியாக ஒரே தடவை குனிந்து அந்த மூன்று சுற்றையும் சுற்றுவேன். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு, நான் செய்தது வேறு. பத்து வருடமாக அப்படித்தான், ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அன்று அட்டையைச் செருகியதும், குளுக்கோஸுக்குப் போய் ஃபிலிமா என்று எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நேராக மாடிக்குப் போனேன், இஸ்திரியிடம் கேட்டுவிடுவது என்று. வந்து சுற்றிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அதற்குள் என் மச்சான் வண்டியோடு வந்திருக்கிறான். அட்டை தெரிந்தது, என் கையெழுத்து தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் முதலில் ஓடிப் போனேன் என்று எழுதியிருந்தேன். உண்மைதான். பெட்டிகள் அவன் நெஞ்சுவரை மூடியிருந்தன. அட்டை அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஃபிலிமுக்குள் தெரிந்தது. முதலில் அட்டையை எடுத்தேன். ஃபிலிம் கெட்டியாக இருந்தது, மேல் மடிப்பை மட்டும் நகத்தால் கிழிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன். அதை ஏன் கிழித்து எறியவில்லை என்று கேட்டீர்கள். கையெழுத்திட்ட ஆவணத்தை எறிவது எனக்குப் பழக்கமில்லை.

அந்த அட்டையை என் தங்கையிடம் காட்டியிருக்கிறீர்கள். அது தேவையில்லாத வேலை. நேற்று அவள் இங்கே வந்தபோது, நான் இஸ்திரியைத் தீர்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்து அந்த அறிக்கைத் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"நீ கார்டை எடுத்தப்போ, அவரு கண்ணு தொறந்திருந்துச்சா?"

"பட்டை போட விட்டிருந்தா இதெல்லாம் நடந்தே இருக்காதும்மா" என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். தாளை மேசையிலேயே விட்டுவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, இந்த வேலையின் நுணுக்கமெல்லாம் அவளுக்குத் தெரியாது.